கடலோரத்தில் கேஸ் அடுப்பு பழுதா? யாரைக் கூப்பிடணும், யாரைக் கூப்பிடவே கூடாது?

ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. வாங்கி அதிக நாள்கூட ஆகியிருக்காது. கேஸ் அடுப்பின் நாப் இறுகிப்போய் திருகவே வராது. பர்னரில் பாதி ஓட்டை அடைத்துக்கொள்ளும். பாத்திரம் வைக்கும் கம்பி துருப்பிடித்து உதிரும். கண்ணாடி அடுப்பு மேலே பளபளவென்று இருக்கும். தூக்கிப் பார்த்தால் அடித்தகடு முழுக்கத் துரு.

உடனே கை போகும் இடம் செல்போன்தான். 'கேஸ் ஸ்டவ் சர்வீஸ் நியர் மீ' என்று தேடினால் வரிசையாக நம்பர்கள் வந்து விழும். அதில் யார் உண்மையான மெக்கானிக், யார் மோசடிப் பேர்வழி, யார் மதுரையில் இருந்துகொண்டு 'ஆள் அனுப்புறோம்' என்று சொல்பவர் என்பதைத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்காகப் போனிலேயே ஆள் பிடித்துத் தருபவர்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம்.

பழுது எந்தப் பாகத்தில் என்று தெரிந்துகொண்டாலே, யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். ஏனென்றால் சிலிண்டர் முதல் பர்னர் வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி ஒரே ஆள் கிடையாது.

உப்புக் காற்று அடுப்பை என்ன செய்கிறது?

இந்தக் கடலோரத்தின் அரிப்புத் தன்மை ஊரறிந்த விஷயம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி), உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்பதைச் சோதிக்க மண்டபத்தில் ஓர் ஆய்வு மையத்தையே வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலாக்ஸேன் என்ற சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டதற்குக் காரணமும் இந்தக் காற்றுதான். பாலத்துக்கே இந்த நிலைமை என்றால், மெல்லிய தகட்டில் செய்த அடுப்பு எம்மாத்திரம்?

அலை உடையும்போது காற்றில் கலக்கும் நுண்ணிய உப்புத் துகள்கள் சமையலறை ஜன்னல் வழியாக வந்து அடுப்பின் மேல் படிகின்றன. உப்பு ஈரத்தை இழுக்கும். கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் இங்கே காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அதனால் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் உருவாகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலே இருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம். உப்பில் இருக்கும் குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கிறது. அடுப்பின் மேல் தெரியும் பழுப்புப் புள்ளிகள் இப்படி வருபவைதான்.

சாதாரண இரும்பில் செய்த அடித்தகடு, பர்னருக்குக் கேஸ் கொண்டுபோகும் குழாய், திருகாணிகள் ஆகியவை இன்னும் சீக்கிரம் பாதிக்கப்படும். பித்தளை பர்னரும் பித்தளை ஜெட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

மஞ்சள் சுடர் என்றாலே பழுதா?

'தீ நீலமாக எரியணும், மஞ்சளாக எரிந்தால் பர்னர் போச்சு' என்பது பொதுவாகச் சரி. ஆனால் கடலோரத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. உப்பில் உள்ள சோடியம் தீயில் பட்டாலே ஆரஞ்சு-மஞ்சள் நிறம் வரும். காற்றில் உப்பு அதிகமாக இருக்கும் நாட்களில், நல்ல நிலையில் உள்ள பர்னரிலும் நீலச் சுடருக்கு நடுவே ஆரஞ்சுப் பொறிகள் தெரியலாம்.

எது எது என்று பிரித்துப் பார்ப்பது எளிது. பாத்திரத்தின் அடி கரி பிடிக்கிறதா என்று பாருங்கள். கரி பிடித்தால், சுடர் நீளமாக, தளதளவென்று ஆடினால், காற்றும் கேஸும் சரியாகக் கலக்கவில்லை. ஜெட் அல்லது பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். கரி பிடிக்காமல் ஆரஞ்சுப் பொறி மட்டும் வந்தால், பர்னரை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பொருத்திப் பாருங்கள். புதிய பர்னர் செட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

பழுது எந்தப் பக்கம்?

வீட்டுக் கேஸ் இணைப்பை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. சிலிண்டரும் ரெகுலேட்டரும்: இவை எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தமானவை, நீங்கள் டெபாசிட் கட்டிப் பயன்படுத்துகிறீர்கள். ரெகுலேட்டரில் கசிவு, 'கிளிக்' ஆகாமல் நழுவுவது, புது சிலிண்டர் மாட்டியதும் 'உஸ்' என்ற சத்தம் எல்லாமே உங்கள் கேஸ் ஏஜென்சியின் வேலை. புது சிலிண்டரில் சத்தம் வந்தால் பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கும் வாஷர்தான் காரணம். வெளி மெக்கானிக் யாரையும் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்க்க விடக் கூடாது.

2. டியூப்: ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை ஏஜென்சியிலேயே வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; தேதி டியூபின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். இந்த டியூபுக்குள் கம்பிப் பின்னல் இருக்கிறது. வெளி ரப்பரில் வெடிப்பு விழுந்தால் உப்புக் காற்று உள்ளே புகுந்து கம்பியையும் அரிக்கும். எனவே வெடிப்பு தெரிந்தால் 5 ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம்.

3. அடுப்பு: நாப், வால்வு, ஜெட், பர்னர், ஆட்டோ இக்னிஷன், கண்ணாடி, அடித்தகடு. இவைதான் அடுப்பு நிறுவனத்தின் சர்வீஸ் ஆளோ, உள்ளூர் மெக்கானிக்கோ கைவைக்க வேண்டிய இடம்.

ராமேஸ்வரத்தில் இருப்பவர் நாப் இறுகியதற்கு ஏஜென்சியிடம் போய் நிற்பதும், ரெகுலேட்டர் கசிவுக்குத் தெருவில் போகிற மெக்கானிக்கைக் கூப்பிடுவதும் இந்தப் பிரிவு தெரியாததால் வரும் குழப்பம். முதலாவதில் நேரம்தான் வீணாகும். இரண்டாவதில் உயிருக்கே ஆபத்து.

வாசனை வந்தால் மெக்கானிக்கைத் தேடாதீர்கள்

எல்பிஜிக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது; தரையை ஒட்டித் தேங்கும். மேலே இருக்கும் ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, கதவையும் திறக்க வேண்டும்.

• சுவிட்ச், ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.
• ரெகுலேட்டரை மூடுங்கள். முடிந்தால் கழற்றி சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடி போடுங்கள்.
• கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள்.
• வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணை அழையுங்கள். இது மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கும் பொதுவான, 24 மணி நேர எல்பிஜி அவசர உதவி எண்.

கசிவு எங்கே என்று பார்க்கத் தீக்குச்சி கொளுத்தும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். லேசான சந்தேகம் மட்டும்தான் என்றால், சோப்பு நுரையை இணைப்புகளில் தடவினால் போதும். கசிவு இருந்தால் குமிழி வரும்.

நல்ல மெக்கானிக்கை எங்கே பிடிப்பது?

முதலில் அடுப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும், பெட்டியிலும், வாரன்டி அட்டையிலும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண் இருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்புங்கள். வாரன்டி இருக்கும் அடுப்பை வெளியாள் பிரித்தால், அதைக் காரணம் காட்டி நிறுவனம் வாரன்டியை மறுக்க வாய்ப்பு உண்டு.

அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு பின்கோடையும் சொல்லுங்கள். ராமநாதபுரம் 623501, ராமேஸ்வரம் 623526. 'ராமநாதபுரம் மாவட்டம்' என்று மட்டும் பதிவானால், ஆள் ராமநாதபுரம் டவுன் வரைதான் வருவாரா, பாம்பன் பாலம் தாண்டி வருவாரா என்பது கடைசி நிமிடத்தில்தான் தெரியும். டவுனில் இருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். 'தீவுக்குள்ள வருவீங்களா, வர்றதுக்குத் தனியா சார்ஜ் உண்டா, பார்ட்ஸ் கையோட கொண்டு வருவீங்களா' என்று மூன்றையும் போனிலேயே கேட்டுவிட வேண்டும். பார்ட்ஸ் இல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போனால், இரண்டாம் முறை வருவதற்கும் காத்திருக்கணும்.

வாரன்டி முடிந்துவிட்டதா? அடுப்பு வாங்கிய பாத்திரக் கடையில் கேளுங்கள். அடுப்பும் குக்கரும் விற்கும் கடைகளுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். கடைக்காரர் கைகாட்டும் ஆளிடம் ஒரு வசதி உண்டு: வேலை சரியில்லை என்றால் திரும்பப் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. கேஸ் ஏஜென்சியிலும் மெக்கானிக் இருப்பார். அடுப்பு வேலைக்குக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

பக்கத்து ஓட்டல்காரரிடமும் டீக்கடை அண்ணனிடமும் கேட்பது மற்றொரு நல்ல வழி. தினமும் அடுப்பெரிப்பவர்களுக்கு யார் கைவேலை நன்றாக இருக்கும் என்று தெரியும். ஊரில் இல்லாத பிள்ளைகள் மெக்கானிக்கைப் புக் செய்தால், அவர் பெயரையும் வரும் நேரத்தையும் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேடலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்

இணையத் தேடலிலும் வரைபடச் செயலிகளிலும் பிரபல நிறுவனங்களின் பெயரில் போலி வாடிக்கையாளர் சேவை எண்களைப் பதிவேற்றி வைப்பது நாடு முழுக்க நடக்கும் மோசடி. அழைத்தால் மரியாதையாகப் பேசுவார்கள். 'புக்கிங் சார்ஜ் வெறும் 10 ரூபாய்தான் சார், லிங்க் அனுப்புறேன்' என்பார்கள். அந்த லிங்க் ஒரு செயலியை இறக்கச் சொல்லும், அல்லது உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டும் செயலியை நிறுவச் சொல்லும். அந்த 10 ரூபாயைச் செலுத்த நீங்கள் யுபிஐ பின் போடும்போது, அதை அவர்கள் பார்த்துவிடுகிறார்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை:

• அடுப்பு சரிசெய்ய எந்தச் செயலியையும் நிறுவத் தேவையில்லை.
• பணம் திரும்பப் பெற யுபிஐ பின் போட வேண்டியதில்லை. பின் கேட்டால், உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.
• வேலை முடிந்து, அடுப்பு எரிவதைப் பார்த்த பிறகு, பில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.
• பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

'கேஸ் கம்பெனியில இருந்து வர்றோம்'

வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் பகல் நேரத்தில் இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் ஏஜென்சிகள் மூலம் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டு இணைப்பை ஆய்வு செய்வது உண்மைதான். அதனால் வருபவர் எல்லோருமே போலி என்று விரட்டவும் முடியாது.

அடையாள அட்டையைக் கேளுங்கள். பிறகு, அவர் தரும் எண்ணில் அல்ல, உங்கள் கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி எண்ணில் அழைத்து 'ஆள் அனுப்பியிருக்கீங்களா' என்று கேளுங்கள். உண்மையான ஆள் இரண்டு நிமிடம் வாசலில் நிற்கத் தயங்க மாட்டார். 'டியூப் டேஞ்சரா இருக்கு, இப்பவே மாத்தணும்' என்று பயமுறுத்திப் பொருள் விற்பவரிடம் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அடுப்பையும் ஏஜென்சியிடம்தான் வாங்க வேண்டும் என்ற விதி கிடையாது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள அடுப்பை எந்தக் கடையிலும் வாங்கலாம்.

மெக்கானிக் வந்தாச்சு, எதைக் கவனிப்பது?

நல்ல மெக்கானிக் வந்ததும் முதலில் ரெகுலேட்டரை மூடுவார். அடுப்பில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து அணையவிடுவார். ஜன்னலைத் திறப்பார். பிறகுதான் அடுப்பைத் திருப்புவார். இந்த வரிசையைப் பார்த்தாலே கைதேர்ந்தவரா என்று தெரிந்துவிடும்.

இவற்றைச் செய்தால் 'வேண்டாம்ணே' என்று நிறுத்திவிடுங்கள்:

• ஜெட் ஓட்டையை ஊசியாலோ கம்பியாலோ குடைவது. ஓட்டை துளி பெரிதானாலும் கேஸ் அதிகம் வந்து கரி பிடிக்கும். ஜெட் அடைப்பு போகவில்லை என்றால் புதிதாக மாற்றுவதே சரி.
• கசியும் வால்வையோ குழாயையோ எம்-சீல் வைத்து அடைப்பது. சூடும் உப்பும் சேர்ந்தால் அது எத்தனை நாள் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.
• சுரக்ஷா டியூபுக்குப் பதில் சாதாரண ரப்பர் டியூப் மாட்டுவது, இரண்டு துண்டு டியூபை நடுவில் இணைப்பது.
• விரிசல் விட்ட கண்ணாடியை ஒட்டித் தருவதாகச் சொல்வது. கண்ணாடி அடுப்பில் இருப்பது டஃபன்டு கண்ணாடி. விரிசல் விட்டால் மொத்தமாக மாற்றத்தான் வேண்டும்.

நாப் இறுகியிருந்தால் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவுவார்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் நீங்களே விட வேண்டாம். வேலை முடிந்ததும் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் பார்ட்ஸ் தனி, கூலி தனி என்று எழுதச் சொல்லுங்கள்.

குழாய் கேஸ் வந்த வீடுகளுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் பூமிக்கடியில் கிடைக்கும் இயற்கை எரிவாயு பல ஆண்டுகளாக எடுக்கப்படுகிறது. ராமநாதபுரம்-தூத்துக்குடி இடையே 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வீடுகளுக்குக் குழாய் வழி கேஸ் வரும்போது கவனிக்க வேண்டியது ஜெட் அளவு.

ஒரே அளவு வாயுவில் எல்பிஜியில் இருக்கும் வெப்பம் இயற்கை எரிவாயுவைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அதிகம். எனவே குழாய் கேஸுக்குப் பெரிய ஓட்டையுள்ள ஜெட் போட்டுத் தருவார்கள். அப்படி மாற்றிய அடுப்பைத் திரும்பவும் சிலிண்டரில் மாட்டினால் தீ கட்டுக்கடங்காமல் எழும். பழைய அடுப்பை ஊருக்கோ உறவினருக்கோ கொடுக்கும் முன் ஜெட்டை மாற்றிக் கொடுங்கள். இன்னொன்று: இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே ஏறும்.

சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

பர்னர், நாப், ஜெட், இக்னிஷன், பாத்திரம் வைக்கும் கம்பி ஆகியவற்றை மாற்றிக்கொண்டு அடுப்பை ஓட்டலாம். ஆனால் கேஸ் போகும் குழாயில் துரு துளையிட்டிருந்தாலோ, அடித்தகடு இற்றுப்போய் பர்னர் ஆடினாலோ, செலவு செய்வதில் பயனில்லை. புதிது வாங்கும்போது இந்தக் கடலோரத்துக்குப் பித்தளை பர்னர் வாங்குவது நல்லது. கடையிலேயே அடுப்பைத் திருப்பி அடித்தகட்டைப் பாருங்கள்.

முறையான இணைப்பு வைத்திருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீட்டின்படி எல்பிஜி விபத்தில் உயிரிழந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. சொத்துச் சேதத்துக்கும் 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் அது பதிவு செய்த முகவரியில் நடந்திருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் முகவரியை ஏஜென்சியில் மாற்றிவிடுவது இதற்காகத்தான். விபத்து நடந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

வாரன்டியில் இருந்தும் ஆள் வரவில்லை, பார்ட்ஸ் இல்லை என்று இழுத்தடித்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடும் வேலையைக் குறைக்க

• இரவு சமையல் முடிந்ததும், ஆறிய அடுப்பை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பு கலந்த போர் தண்ணீரில் துடைத்தால் உப்பின் மேல் உப்பு சேர்ப்பதுதான்.
• பிளீச்சிங் கலந்த திரவங்களை ஸ்டீல் அடுப்பில் போடக் கூடாது. அதில் இருப்பதும் குளோரைடுதான்.
• பித்தளை பர்னரைப் புளி போட்டுத் தேய்க்கலாம். ஆனால் புளி மிச்சமில்லாமல் கழுவி, ஈரம் போகக் காயவைத்த பிறகே மாட்ட வேண்டும்.
• மீன் குழம்போ சோற்றுக் கஞ்சியோ பொங்கி வழிந்தால் அன்றே துடைத்துவிடுங்கள்.
• ஊருக்குப் போய் வீடு பூட்டியிருந்தால், திரும்பி வந்ததும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் பர்னரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். எறும்பும் சிலந்தியும் குழாய்க்குள் கூடு கட்டியிருக்கலாம்.

போனில் இப்போதே சேமிக்க வேண்டிய எண்கள்

• கேஸ் கசிவு: 1906
• இணையப் பண மோசடி: 1930
• நுகர்வோர் புகார்: 1915
• உங்கள் கேஸ் ஏஜென்சி: கேஸ் புத்தகத்தில் உள்ள எண்
• அடுப்பு சர்வீஸ்: அடுப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கர் எண். ஸ்டிக்கரை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்; கடலோரத்தில் அதுவும் சீக்கிரம் அழிந்துவிடும்.